சில்லின் மேல் ஒரு சம்பியன்

வேகத்தின் கதை – 12

2023 ஒக்டோபர் 2. சீனாவின் ஹாங்சோ நகரில் ஆசிய விளையாட்டு விழா. ஆண்களுக்கான 3000 மீற்றர் சில்லுச் சறுக்கு அஞ்சலோட்டத்தின் இறுதிப் போட்டி கடைசி நேர்ப்பாதைக்கு வந்துவிட்டது. தென்கொரியாதான் முன்னால். அந்த அணிக்காகக் கடைசிக் கட்டத்தை ஓட்டிக்கொண்டிருந்தவர் ஜங் சோல்-வொன். எல்லைக்கோடு கைக்கெட்டும் தூரத்தில் தெரிந்ததும் குனிந்திருந்த உடம்பை நிமிர்த்தினார். இரண்டு கைகளையும் உயரத் தூக்கினார். முகம் முழுக்கச் சிரிப்பு.

அவருக்குப் பக்கவாட்டில், கொஞ்சம் பின்னால், தாய்வானின் ஹுவாங் யூ-லின் வந்துகொண்டிருந்தார். அவர் நிமிரவே இல்லை. முழங்கால் மடிந்தபடி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை எவ்வளவு எட்டுமோ அவ்வளவு முன்னே நீட்டினார்.

கொரிய வீரர்கள் கொடியைப் பிடித்துக்கொண்டு கொண்டாட ஆரம்பித்துவிட்டார்கள். அப்போதுதான் பெரிய திரையில் நேரம் விழுந்தது. தாய்வான் 4 நிமிடம் 05.692 செக்கன். கொரியா 4 நிமிடம் 05.702 செக்கன். வித்தியாசம் நூறில் ஒரு செக்கன். அந்த வேகத்தில் போகிறவருக்கு அது ஏறக்குறைய பன்னிரண்டு சென்ரிமீற்றர், நம் கணக்கில் அரைச் சாண்.

ஓட்டப்பந்தயத்தில் எல்லைக்கோட்டைத் தாண்டுவது நெஞ்சு. அதனால்தான் ஓட்டக்காரர்கள் கடைசியில் நெஞ்சைத் தள்ளிப் பாய்வார்கள். சில்லுப் பந்தயத்தில் கணக்கு வேறு. முன்னே போகும் சப்பாத்தின் முன்சில்லு கோட்டைத் தொடுவதுதான் முடிவு. நெஞ்சை நிமிர்த்திக் கையைத் தூக்கினால் கால் பின்தங்கும். ஜங்குக்கு இது தெரியாததல்ல, சின்ன வயதிலிருந்து இதே வேலையாக இருந்தவர். ஆனால் அந்த ஒரு நொடி அவர் பந்தயக்காரராக இருக்கவில்லை, வென்றுவிட்டவராக இருந்தார்.

அந்த அரைச் சாணின் விலை சாதாரணமானதல்ல. தென்கொரியாவில் உடல்நலமுள்ள ஆண்கள் எல்லோரும் கட்டாய இராணுவ சேவைக்குப் போக வேண்டும். ஒலிம்பிக்கில் ஏதாவது ஒரு பதக்கம், அல்லது ஆசிய விளையாட்டு விழாவில் தங்கம் பெற்றால் அதிலிருந்து விலக்கு உண்டு. ஜங்குடன் ஓடிய சோய் குவாங்-ஹோ ஏற்கெனவே 1000 மீற்றரில் தனியாகத் தங்கம் எடுத்திருந்தபடியால் தப்பினார். ஜங்கும் சோய் இன்-ஹோவும் தங்கத்தோடு அந்தச் சலுகையையும் சேர்த்துத் தவறவிட்டார்கள். ஜங் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். உலகமெங்கும் அந்தக் காட்சி திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டப்பட்டது. விளையாட்டில் அக்கறையே இல்லாதவர்களின் கைத்தொலைபேசிக்கும் அது வந்து சேர்ந்தது.

நான் சொல்ல வந்த கதை அதுவல்ல. அதே பந்தயத்தில், அந்த இரண்டு அணிகளுக்கும் சுமார் நாலரை செக்கன் பிந்தி மூன்றாவதாக ஓர் அணி கோட்டைத் தாண்டியது. நேரம் 4 நிமிடம் 10.128 செக்கன். எந்தக் கமெராவும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. ஆர்யன்பால் சிங் குமான், சித்தாந்த் காம்ப்ளே, விக்ரம் இங்கலே, ஆனந்தகுமார் வேல்குமார் ஆகியோர் அடங்கிய இந்திய அணி அது. அதே நாள் பெண்கள் அஞ்சலோட்டத்திலும் இந்தியாவுக்கு வெண்கலம் கிடைத்தது; அந்த அணியில் சஞ்சனா பத்துலா, ஹீரல் சாது ஆகியோருடன் ஆரத்தி கஸ்தூரிராஜ், கார்த்திகா ஜெகதீஸ்வரன் என்ற பெயர்களும் இருந்தன. ஆண்கள் அணியின் பட்டியலில் நான்காவதாக நான் எழுதிய பெயருக்கு உரியவர், சென்னையைச் சேர்ந்தவர், அப்போது இருபது வயதுக்காரர். இன்றைய அத்தியாயம் அவருடையது.

சென்ற அத்தியாயங்களில் ஐஸைப் பற்றியே பேசினோம். நெதர்லாந்தின் உறைந்த வாய்க்கால்கள், நோர்வேயின் ஓவல் மைதானங்கள், உருக்குத் தகட்டில் பறந்த மனிதர்கள். ஐஸ் இல்லாத தேசத்தில் பிறந்தவன் என்ன செய்வான் என்ற கேள்விக்கு இப்போது வருவோம். அதற்கான விடையை மனிதன் 18ஆம் நூற்றாண்டிலேயே தேட ஆரம்பித்துவிட்டான்.

இன்றைய பெல்ஜியத்தின் ஹுய் நகரில் பிறந்து லண்டனில் வாழ்ந்த ஜோன் ஜோசப் மெர்லின் ஒரு கருவி செய்பவர். மணிக்கூடு, இசைக்கருவி, விசித்திரப் பொறிகள் எல்லாம் செய்வார். 1760களில் சோஹோவின் கார்லைல் மாளிகையில் நடந்த விருந்துக்கு, தானே செய்த சில்லுச் சப்பாத்தில், வயலின் வாசித்தபடி உருண்டு வந்தார் என்பது அவரைப் பற்றிச் சொல்லப்படும் கதை. சப்பாத்தில் திரும்பவும் வழியில்லை, நிறுத்தவும் வழியில்லை. 500 பவுணுக்கு மேல் பெறுமதியான கண்ணாடியில் போய் மோதினார். கண்ணாடியும் போனது, வயலினும் போனது, மனுசனும் காயப்பட்டார். நூறு வருஷம் கழித்து 1863இல் நியூயோர்க்கின் ஜேம்ஸ் பிளிம்ப்டன், முன்னுக்கு இரண்டும் பின்னுக்கு இரண்டுமாக நான்கு சில்லு வைத்து, இடையில் இறப்பர் மெத்தை கொடுத்து, உடம்பைச் சாய்த்தால் சப்பாத்தும் திரும்பும்படி செய்தார். மெர்லினுக்கு இல்லாமல் போன வசதி அதுதான். அதற்குப் பிறகு மண்டபங்கள் எழுந்தன, பந்தயங்கள் வந்தன. 1937இல் இத்தாலியின் மொன்ஸாவில் வீதிப் பந்தயத்துக்கான உலகச் சம்பியன்ஷிப்பே நடந்தது.

1980இல் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் ஸ்கொட், பிரென்னன் ஒல்சன் என்ற இரு சகோதரர்கள், ஐஸ் ஹொக்கி விளையாடுகிறவர்கள், கோடைகாலத்திலும் பயிற்சி செய்ய ஏதாவது வேண்டுமென்று தேடினார்கள். சில்லுகளை ஒரே வரிசையில் வைத்த பழைய சப்பாத்து ஒன்றைப் பார்த்து அதைத் திருத்திச் செய்தார்கள். ரோலர்பிளேட் என்ற நிறுவனம் அங்கிருந்து பிறந்தது. 1990களின் தொடக்கத்தில் உலகப் பந்தயங்களும் அந்த ஒற்றை வரிசைச் சப்பாத்துக்கு மாறின. ஐஸ் தகடு மாதிரியே நீளமும் ஒடுக்கமும், ஆனால் தார் வீதியில் ஓடும். ஐஸில் ஓடுகிறவன் கோடையைக் கழிக்கச் செய்த சாமானை வைத்துக்கொண்டு, வருஷம் முழுக்கக் கோடையாக இருக்கும் தேசங்கள் உலகத்தை வெல்லும் என்று ஒல்சன் சகோதரர்கள் நினைத்திருக்க வழியில்லை.

அப்படி வென்ற தேசங்களில் முதலாவது கொலம்பியா. கரீபியன் கடலோரத்துக் கார்த்தஹேனாவில் பிறந்த செசிலியா பயேனா அங்கே வீட்டுக்கு வீடு தெரிந்த பெயர். பல தடவை உலகச் சம்பியன். நமக்குக் கிரிக்கெட் எப்படியோ அந்த அளவுக்கு இல்லாவிட்டாலும், கொலம்பியாவின் பல நகரங்களில் சின்னப் பிள்ளைகளுக்குச் சப்பாத்து மாட்டிவிடும் பெற்றோர் மைதானத்து ஓரத்தில் வரிசையாக நிற்பார்கள். உலகப் பட்டியலில் பல வருஷங்களாக முதலிடம் அவர்களுடையது.

ஆனந்தகுமார் முதன்முதலில் உலகத்தின் கண்ணில் பட்டதும் அந்த நாட்டில்தான். 2021இல் உலகச் சம்பியன்ஷிப் கொலம்பியாவின் இபாகேயில் நடந்தது. கனிஷ்ட பிரிவு, 15 கிலோமீற்றர் எலிமினேஷன் பந்தயம். இந்தப் பந்தயத்தின் விதி கொடூரமானது. எல்லோரும் ஒன்றாகப் புறப்படுவார்கள். குறித்த சுற்றுகளில் கோட்டைக் கடைசியாகத் தாண்டுகிறவர் வெளியே. அடுத்த தடவை அடுத்தவர். முன்னால் போனால் காற்றைக் கிழிக்கும் வேலை முழுக்க உங்கள் தலையில். பின்னால் ஒதுங்கினால் தொடைக்கு ஓய்வு, ஆனால் எந்தச் சுற்றிலும் ஆள் கழியலாம். நடுவில் நின்றால் யாராவது பக்கத்தில் அடைத்துவிடுவார்கள். கால் பலத்தோடு கூட்டத்தைப் படிக்கத் தெரிய வேண்டும். கொலம்பியர்கள் இதில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள். அவர்களுடைய சொந்த மண்ணில், அவர்களுடைய ஆட்கள் கூச்சல் போட்டுக்கொண்டிருக்க, ஆனந்தகுமார் 24 நிமிடம் 14.845 செக்கனில் இரண்டாவதாக வந்தார். உலகச் சம்பியன்ஷிப்பில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் பதக்கம் அந்த வெள்ளி.

அந்த நேரத்தை மணிக்குக் கிலோமீற்றராக்கினால் 37 வரும். அவருடைய பிந்திய 1000 மீற்றர் பந்தயத்தின் சராசரி 42க்கு மேல். காரைதீவுச் சந்தியிலிருந்து மாவடிப்பள்ளி வயல்வெளியூடாகச் சம்மாந்துறைக்கு மோட்டார் சைக்கிளில் நாற்பதில் போகிற ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவரைச் சப்பாத்துப் போட்ட ஒருத்தர் முந்திக்கொண்டு போகிறார். அதுதான் அந்த வேகம். நின்ற இடத்திலிருந்து புறப்பட்ட முதல் சில செக்கன்களும் அந்தச் சராசரிக்குள் அடக்கம்.

இந்த வேகம் எப்படி வருகிறது என்பதைக் கொஞ்சம் கிட்ட நின்று பார்க்க வேண்டும். முழங்கால் ஏறக்குறையச் செங்கோணத்துக்கு மடிந்திருக்கும், முதுகு தரைக்குச் சமாந்தரமாக இருக்கும். காற்று எதிர்ப்பைக் குறைக்கத்தான் இது. ஆனால் அந்த நிலையில் நாலைந்து நிமிஷம் சும்மா நின்று பாருங்கள், தொடை எரியும். பழைய முறையில் ஒரு காலை வெளிப்பக்கம் தள்ளுவார்கள், பிறகு அதைத் தூக்கி உள்ளே கொண்டுவருவார்கள். தள்ளும்போது மட்டும் வேகம். 1990களில் அமெரிக்காவின் டெக்சஸைச் சேர்ந்த சாட் ஹெட்ரிக் பிரபலமாக்கிய இரட்டைத் தள்ளு முறையில், கால் தரையில் பட்டவுடன் முதலில் சில்லின் வெளி விளிம்பில் சாய்ந்து உள்பக்கமாக இழுக்கும், பிறகு உள் விளிம்புக்கு மாறி வெளிப்பக்கம் தள்ளும். ஒரே அடியில் இரண்டு உந்தல். மேலே இருந்து பார்த்தால் சப்பாத்து ஒவ்வொரு தடவையும் பாம்பு நெளிவது போலப் போகும். இன்று உலகத் தரத்தில் ஓடுகிற எல்லோரும் இதைத்தான் செய்கிறார்கள். ஐஸில் தகடு ஒரு தள்ளுக்கு வெகுதூரம் வழுக்கிக்கொண்டே போகும். சில்லு அப்படியல்ல, யூரிதேன் வளையம் தரையில் நசுங்கி நசுங்கி ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் வேகத்தைத் தின்னும். அதனால்தான் சில்லுக்காரருக்கு ஓய்ந்து வழுக்க நேரமே கிடைக்காது.

பந்தயச் சப்பாத்து கணுக்காலுக்குக் கீழேயே நின்றுவிடும். காபன் நாரில், அவரவர் பாதத்தின் அச்சுக்கு வார்த்த மாதிரி இறுக்கமாகச் செய்வார்கள். அடியில் 110 மில்லிமீற்றர் விட்டமுள்ள நான்கு சில்லுகள், ஒவ்வொன்றிலும் இரண்டு பெயரிங். வெயில் ஏறிய தாருக்கு ஒரு கடினத்தில் சில்லு, வழுவழுப்பான உள்ளரங்குக்கு வேறு கடினத்தில், மழை ஈரத்துக்கு மென்மையான இன்னொரு செற். பயிற்சிக்கு வருகிறவர்கள் பையில் சில்லுகளையே கிலோக் கணக்கில் சுமப்பார்கள். இதற்குப் பெரிய எதிரி மணல். நம் கரையோரத்தில் கடல் மண் வீதியில் ஏறும், வயல் பக்கம் டிரக்டர் சேற்றைக் கொட்டிக்கொண்டு போகும். பெயரிங்குக்குள் ஒரு சிட்டிகை போனாலே போதும், உப்புக் காற்று மிச்ச வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

என் தங்கச்சியின் மகனுக்கு அவன் வாப்பா கத்தாரிலிருந்து ஒரு சோடி கொண்டுவந்து கொடுத்தார். பந்தயச் சோடி இல்லை, விளையாட்டுச் சோடிதான். எங்கள் ஒழுங்கைக்குக் கொங்கிரீட் போட்டது அவனுக்குத்தான் ஆக வசதியாகப் போனது. மதில்களைப் பிடித்துப் பிடித்துப் பழகி, இப்போது ஒரு கையில் பாண் பையைத் தொங்கவிட்டுக்கொண்டு கடைக்குப் போய் வருகிறான். ஆனந்தகுமாரின் வீடியோவை ஒருநாள் காட்டினேன். இரண்டு தரம் பார்த்தான்.

"மாமா, இவருக்கு ஒலிம்பிக்ல மெடல் இரிக்கா?"

"இந்தப் போட்டி ஒலிம்பிக்ல இல்ல மகன்."

"அப்ப ஸ்கேட்போர்ட் மட்டும் எப்படி இரிக்கி? நான் டீவில பாத்தனே."

இதற்கு நேரான பதில் என்னிடம் இல்லை. இருந்தாலும் கேள்வி சரியான இடத்தில் விழுந்தது. ஸ்கேட்போர்ட், சில்லுச் சறுக்கு வேகப் பந்தயம், சில்லு ஹொக்கி எல்லாவற்றையும் உலக அளவில் நடத்துவது ஒரே அமைப்பு, வேர்ல்ட் ஸ்கேட். டோக்கியோ ஒலிம்பிக்கில் ஸ்கேட்போர்ட் உள்ளே போனது, பரீஸிலும் இருந்தது, 2028 லொஸ் ஏஞ்சல்ஸிலும் இருக்கும். சில்லு ஹொக்கி 1992 பார்ஸிலோனாவில் காட்சிப் போட்டியாக ஒரு தரம் எட்டிப் பார்த்தது. வேகப் பந்தயம் 2018இல் புவெனஸ் அயர்ஸில் நடந்த இளையோர் ஒலிம்பிக் வரை போனது, அங்கே கொலம்பியப் பிள்ளைகள் தங்கம் எடுத்தார்கள். பெரியவர்களின் ஒலிம்பிக்குக்குள் அது இன்னும் நுழையவில்லை. தொலைக்காட்சிக்கும் இளசுகளுக்கும் எது பிடிக்கும் என்று ஒலிம்பிக்காரர்கள் போடும் கணக்கில் பலகை வென்றுவிட்டது, சப்பாத்து தோற்றுவிட்டது. எனக்கு இதில் கொஞ்சம் கோபமும் உண்டு.

இந்த மூடிய கதவு ஒரு விசித்திரமான வேலையைச் செய்திருக்கிறது. சில்லில் உலகை வென்றவர்கள் ஒலிம்பிக் ஆசையில் ஐஸுக்கு மாறினார்கள். ஹெட்ரிக்கின் தகப்பன் சில்லு மண்டபம் நடத்தியவர். மகன் சில்லில் ஐம்பது வரையில் உலகப் பட்டங்கள் எடுத்தவர். 2002 சோல்ட் லேக் ஒலிம்பிக்கில், தன்னைப் போலவே சில்லிலிருந்து வந்த டெரெக் பாரா 1500 மீற்றரில் தங்கம் எடுப்பதை லாஸ் வேகாஸில் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தார். அதோடு ஐஸுக்கு இறங்கினார். நாலே வருஷத்தில், 2006 டுரினில், 5000 மீற்றரில் தங்கம். பெல்ஜியத்தின் பார்ட் சுவிங்ஸ் சில்லிலும் உலகச் சம்பியன். 2022 பெய்ஜிங்கில் ஐஸ் கூட்டப் பந்தயத்தில் தங்கம் எடுத்தார். 1948க்குப் பிறகு பெல்ஜியத்துக்குக் கிடைத்த முதல் குளிர்கால ஒலிம்பிக் தங்கம் அது.

எல்லாவற்றையும் விட எனக்குப் பிடித்தது புளோரிடாவின் ஒகாலா. குதிரை வளர்ப்புக்குப் பேர்போன, பனி விழாத ஊர். ரெனே ஹில்டெபிரான்ட் என்ற பயிற்றுவிப்பாளர் அங்கே சில்லுச் சறுக்கு கற்றுக்கொடுத்தார். அவரிடம் பழகிய பிரிட்டனி போ, ஜோய் மன்டியா, எரின் ஜாக்சன் மூன்று பேரும் ஐஸுக்கு மாறி ஒலிம்பிக் போனார்கள். 2022க்கான அமெரிக்கத் தெரிவுப் போட்டியில் ஜாக்சன் 500 மீற்றரில் கால் தடுமாறி மூன்றாவதாகப் போனார். இடம் இரண்டு பேருக்குத்தான். முதலாவதாக வந்த போ தன் இடத்தை ஜாக்சனுக்கு விட்டுக்கொடுத்தார். ஜாக்சன் பெய்ஜிங் போய் 37.04 செக்கனில் தங்கம் எடுத்தார். குளிர்கால ஒலிம்பிக்கில் தனிநபர் தங்கம் வென்ற முதல் கறுப்பினப் பெண். ஒரே ஊர், ஒரே பயிற்றுவிப்பாளர், பக்கத்துப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் மாதிரி வளர்ந்தவர்கள் என்பதால்தான் அந்த விட்டுக்கொடுப்பு வந்தது என்று நான் நினைக்கிறேன்.

ஐஸ் பந்தயத்தையும் சில்லுப் பந்தயத்தையும் ஒரே விளையாட்டு என்று நினைத்துவிடக் கூடாது. ஐஸின் பெரும்பாலான பந்தயங்களில் இரண்டிரண்டு பேராகத் தனித்தனிப் பாதையில் ஓடுவார்கள், எதிரி மணிக்கூடுதான். 2024இல் அமெரிக்காவின் ஜோர்டன் ஸ்டோல்ஸ் 1000 மீற்றரை 1 நிமிடம் 05.37 செக்கனில் முடித்து உலகச் சாதனை வைத்தார். சில்லில் 1000 மீற்றர் இறுதிப் போட்டி அதைவிட இருபது செக்கன் பிந்தியும் முடியலாம், யாரும் கவலைப்பட மாட்டார்கள். அங்கே எல்லோரும் ஒரே பாதையில், தோளோடு தோள். தொடக்கத்தில் முன்னுக்குப் போக ஒருவருக்கும் விருப்பமில்லை. ஒருவரின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து காற்றைத் தவிர்ப்பார்கள். வளைவில் உள்பக்கம் ஒரு அடி இடைவெளி திறந்தால் அந்தக் கணத்திலேயே புகுந்துவிட வேண்டும், யோசித்தால் மூடிவிடும். ஒருவர் விழுந்தால் பின்னால் வருகிறவரும் சேர்ந்து விழுவார். முழங்கையும் தொடையும் உரசித் தோல் போகாமல் பருவம் முடிந்த ஆள் குறைவு. வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன், நான் சில்லுக் கட்சி.

ஹாங்சோவுக்குப் பிறகு ஆனந்தகுமார் இந்தக் கூட்டப் படிப்பில் தேறிக்கொண்டே வந்தார். 2025 ஓகஸ்டில் சீனாவின் செங்டுவில் உலக விளையாட்டு விழா. ஒலிம்பிக்கில் இடமில்லாத விளையாட்டுகளுக்கு நாலு வருஷத்துக்கு ஒரு தரம் நடக்கும் பெரிய மேடை அது. 1000 மீற்றர் வேகப் பந்தயத்தில் வெண்கலம். அந்த விழாவில் சில்லு விளையாட்டில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் பதக்கம்.

அடுத்த மாதமே உலகச் சம்பியன்ஷிப். இடம் ஹெபெய் மாகாணத்தின் பெய்தாய்ஹே, கடற்கரைப் பட்டினம். சீனக் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர்கள் கோடையில் போய்த் தங்கும் இடம் என்று அரசியல் வாசகர்களுக்குத் தெரிந்திருக்கும். அங்கே முதலில் 500 மீற்றரில் 43.072 செக்கனில் வெண்கலம் எடுத்தார். சிரேஷ்ட பிரிவில் இந்தியாவுக்கு அதற்கு முன் பதக்கமே இருக்கவில்லை. வெண்கலத்தோடு திரும்பியிருந்தாலே வீட்டில் மாலை போட்டிருப்பார்கள்.

அதற்குப் பிறகு 1000 மீற்றர். 1 நிமிடம் 24.924 செக்கன். தங்கம்.

சில்லுச் சறுக்கு வேகப் பந்தயத்தில் இந்தியாவின் முதல் உலகச் சம்பியன் பிறந்தார். இந்தியப் பிரதமர் வாழ்த்து எழுதினார். இந்தியப் பத்திரிகைகள் இந்த விளையாட்டுக்கு இடம் ஒதுக்கியது அநேகமாக அந்த வாரத்தில்தான். அதே சம்பியன்ஷிப்பில் கனிஷ்ட 1000 மீற்றர் தங்கமும் இந்தியாவுக்கே போனது, கிரிஷ் சர்மா என்ற பையன். அனிஷ் ராஜ் கனிஷ்ட ஒரு சுற்றுப் பந்தயத்தில் வெண்கலம். ஒருவர் தனியாக முளைத்து வந்துவிட்டார் என்று சொல்ல முடியாதபடி பின்னாலும் ஆட்கள் வந்துகொண்டிருக்கிறார்கள்.

தமிழ் பேசும் ஒருவர் தனி ஆளாக நின்று பெரிய மேடையில் முதலாவதாக வந்ததை நினைக்கும்போது நம்மவர்களுக்கு வேறொரு பெயரும் ஞாபகம் வரும். 1958 டோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில் யாழ்ப்பாணத்து நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் உயரம் பாய்தலில் 2.03 மீற்றர் தாண்டினார், இலங்கைக்கு ஆசிய விளையாட்டில் முதல் தங்கம் அவர் கொண்டுவந்தது. அந்தக் கதையை இந்தத் தொடரில் எழுத முடியாது, அது உயரத்தின் கதை. ஆனாலும் அவரைச் சொல்லாமல் இந்தப் பக்கத்தைக் கடக்க மனம் வரவில்லை.

பெய்தாய்ஹேயில் இன்னும் ஒரு பந்தயம் மிச்சமிருந்தது. 42 கிலோமீற்றர் மரதன். வீதியில், பெரிய கூட்டத்தோடு. 1000 மீற்றர்க்காரர் மரதனில் என்ன செய்யப் போகிறார் என்று கேட்கலாம். ஓட்டப்பந்தயத்தில் இது நடக்கவே நடக்காது. 800 மீற்றர் ஓடுகிறவரின் உடம்பும் மரதன் ஓடுகிறவரின் உடம்பும் வேறு வேறு. சில்லில் இந்த வேலி அவ்வளவு உயரமில்லை. கூட்டத்துக்குள் ஒளிந்து வருகிறவருக்கு முன்னால் இழுக்கிறவரை விட எவ்வளவோ குறைந்த சக்தியே செலவாகும். யாராவது தப்பியோட முயன்றால் கூட்டம் துரத்திப் பிடிக்கும். அதனால் நாற்பது கிலோமீற்றருக்கும் மேல் ஓடிய பிறகும் முடிவு பலதரம் கடைசிச் சில நூறு மீற்றரில்தான் விழும். அங்கே கால் வேகம் உள்ளவனுக்கு வாய்ப்பு. ஆனால் அதுவரை கூட்டத்தோடு ஒட்டிக்கொண்டு வரும் தொடை வேண்டும், எல்லா இழுபறிக்கும் ஈடுகொடுத்த பிறகும் ஒரு பாய்ச்சல் மிச்சம் வைத்திருக்கும் தலை வேண்டும். 2021இல் இபாகேயில் 15 கிலோமீற்றர் எலிமினேஷனில் இரண்டாவதாக வந்த பையனிடம் இந்த இரண்டும் ஏற்கெனவே இருந்தன. நீண்ட பந்தயத்தில் ஆரம்பித்தவர் இடையில் குறுகிய பந்தயத்துக்கு வேகம் சேர்த்துக்கொண்டார் என்றுதான் இந்த நாலு வருஷத்தை நான் வாசிக்கிறேன்.

அந்த மரதனிலும் அவரே முதலாவதாக வந்தார். ஒரே சம்பியன்ஷிப்பில் 500 மீற்றர் வெண்கலம், 1000 மீற்றர் தங்கம், 42 கிலோமீற்றர் தங்கம். இந்தியாவின் மொத்தக் கணக்கு மூன்று தங்கம், இரண்டு வெண்கலம். அதில் மூன்று இவருடையது. 2023இல் அவருடைய அணியைவிட நாலரை செக்கன் முன்னால் போன தாய்வானும் கொரியாவும் இந்த விளையாட்டில் ஆசியாவின் பழைய வீடுகள். அவர்களுடைய பட்டியலுக்குப் பக்கத்தில் இப்போது சென்னை என்ற பெயரையும் எழுத வேண்டியிருக்கிறது.

ஹெட்ரிக்கும் சுவிங்ஸும் ஜாக்சனும் போன வழியில் இவரும் ஐஸுக்குப் போவாரா என்று கேட்பவர்கள் உண்டு. கொலம்பியாவின் பெட்ரோ கவ்ஸில் சில்லிலிருந்து போய் 2018 பியோங்சாங் ஐஸில் ஓடினார், அந்த நாட்டுக்கு அது புதுமை. சென்னையில் ஐஸ் ஓவல் கிடையாது. போவதென்றால் வருஷக்கணக்கில் ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ கிடக்க வேண்டும், தகட்டின் விளிம்பை முதலிலிருந்து பழக வேண்டும். இருபத்திரண்டு வயதில் வென்ற உலகப் பட்டத்தை வைத்துக்கொண்டு இன்னொரு விளையாட்டின் கடைசி வரிசையில் போய் நிற்பது சின்ன முடிவல்ல. போகாவிட்டால் குறைந்துவிடுவார் என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கொலம்பியர்கள் அத்தனை பேரும் ஒரு நாள் விட்டுப் போய்விட்டால் கார்த்தஹேனாவின் மைதானத்தில் யார் ஓடுவார்கள்?

அடுத்த வாரம் அந்த மைதானத்துக்கே போவோம். செசிலியா பயேனா சிறு பெண்ணாகச் சப்பாத்து மாட்டிய கார்த்தஹேனா, கொலம்பியா உலகத்தை வாரிக்கொண்ட வருஷங்கள்.

(தொடரும்)